ஒரு தட்டு அல்வாவும் அயல்நாட்டு ஒப்பந்தமும்

எனக்கு ஒரு கிழமையாக இருப்புக்கொள்ளவில்லை. கதிரையில் இருந்தால் எழும்பவேண்டும் போலிருக்கிறது. எழும்பினால் எங்கே போவதென்று தெரியவில்லை. தேத்தண்ணியை ஊற்றி வைத்துவிட்டு மறந்துபோகிறேன். அடிக்காத போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

காரணம் காய்ச்சலும் இல்லை, கடனும் இல்லை. கச்சான் அல்வா — நிலக்கடலையில் செய்வது.

சிரிக்காதீர்கள். இந்த அல்வாவுக்குள் இரண்டு நாடுகள் இருக்கின்றன. அதைவிடப் பெரிய தலையிடியாக, இரண்டு ஊர்களும் இருக்கின்றன.

போன கிழமை கிளிநொச்சியில் ஒரு செயலமர்வு. 'அயல்நாடுகளுக்கு இடையிலான வர்த்தகமும் சிறு உற்பத்தியாளர்களும்' என்று தலைப்பு. மேடைக்குப் பின்னால் பெரிய பனர் கட்டியிருந்தார்கள். நம்மைச் சுற்றியுள்ள நாடுகளின் கொடிகள் எல்லாம் அதிலே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. கொடிகளுக்கென்ன... தொட்டுக்கொண்டு நிற்கும்.

நான் போனது என் மச்சாளுக்காக. மச்சாள் என்றால் கணவரின் அக்கா, தவமலர். ஒட்டுசுட்டானில் பெண்கள் சேர்ந்து கச்சான் அல்வா செய்யும் சிறிய குழு ஒன்றுக்கு அவாதான் தலைவி. அந்தக் குழுவில் எனக்கு எழுத்து வேலை. லேபல் எழுதுவேன், கடிதம் எழுதுவேன். வாய் திறக்கிற வேலை எதுவும் எனக்குத் தரமாட்டார்கள். இந்தப் பத்தியை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும் — எந்த மண்டபத்துக்குப் போனாலும் நான் கடைசி வரிசைக் கதிரைக்காரி.

கொழும்பிலிருந்து வந்த பெண் அதிகாரி ஒருவர் பேசினா. நல்ல தமிழ். எனக்கே விளங்கியது என்றால் பாருங்கள்.

எங்கள் பகுதி நாடுகள் எல்லாம் சேர்ந்து எப்போதோ ஒரு கூட்டமைப்பு வைத்துவிட்டனவாம். ஒருவர் பொருளுக்கு மற்றவர் வரி குறைப்பது என்று கையெழுத்தும் போட்டாயிற்றாம். ஆனாலும் பக்கத்து நாட்டிலே வாங்குவதை விட, கடல் பல கடந்த நாடுகளிலேதான் கூட வாங்குகிறோமாம். ஏன்? கையெழுத்துப் போடும்போதே ஒவ்வொரு நாடும், 'இன்ன இன்ன சாமானுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை' என்று ஒதுக்கி வைத்துவிட்டது. ஒதுக்கி வைத்தது என்னென்ன? பக்கத்து நாட்டுக்காரன் கொண்டுவந்து விற்கக்கூடிய சாமான்கள்தான்.

எப்படியிருக்கிறது கதை? வாசலைத் திறந்துவிட்டு, ஆட்கள் வரக்கூடிய நேரத்தில் மட்டும் பூட்டி வைப்பது.

அதுமட்டுமில்லை. கூட்டமைப்பில் இரண்டு பெரிய நாடுகளுக்குள் மனத்தாங்கல். அதனாலே தலைவர்கள் கூடுகிற கூட்டமே வருடக்கணக்காக நடக்கவில்லையாம்.

மச்சாள் என் காதுக்குள் சொன்னா: "ரண்டு பேருக்குள்ளை கோவமெண்டால் மற்றச் சனம் எல்லாம் பாத்துக்கொண்டு இருக்கிறதோ? விசர்ப் பழக்கம்."

நான் மச்சாளின் முகத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று பிறகு சொல்கிறேன்.

பின் வரிசை மேசைகளில் எங்கள் சாமான்களைப் பரப்பியிருந்தோம். தேநீர் நேரத்தில் ஒருவர் வந்தார். நாகப்பட்டினத்து வியாபாரி. காங்கேசன்துறைக் கப்பலில் வந்து போகிறவர். எண்ணெய்த்தாளைப் பிரித்து ஒரு துண்டு அல்வாவை வாயில் போட்டவர், அப்படியே நின்றார்.

"இது எங்க ஊர் கடலை மிட்டாய் இல்லம்மா... இது வேற" என்றார். "அகதி முகாம்ல இருக்கிற உங்க ஆளுங்க இதைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காங்க. அவங்களே செஞ்சு பாத்தாங்க. இந்தப் பதம் வரல."

மச்சாள், அவர் பிரித்த எண்ணெய்த்தாளை எடுத்து நாலாக மடித்தா. பிறகு எட்டாக மடித்தா. வள்ளத்தில் ஏறி அந்தக் கரைக்குப் போய், போன இடத்திலேயே பிள்ளை பெற்று, பேரப்பிள்ளையும் கண்டுவிட்ட சனம்... கோயில் திருவிழாவில் தின்ற அல்வாவைக் கேட்டுக்கொண்டிருக்கிறது.

மாதாமாதம் எடுக்கிறேன் என்றார் வியாபாரி. அனுப்புகிற ஒழுங்கெல்லாம் அவர் பார்ப்பாராம். கடதாசி வேலை மட்டும் எங்கள் பக்கம்.

இது மச்சாளுக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று சொன்னால்தான் என் அந்தரம் உங்களுக்கு விளங்கும். எங்கள் குழுவில் ஆட்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். விடியற்காலையில் ஆடைத் தொழிற்சாலை பஸ் வந்து ஹோர்ன் அடிக்கும். ஒவ்வொருத்தியாக அதில் ஏறிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது — அங்கே மாதம் முடியச் சம்பளம் வரும். மிஞ்சியிருப்பவர்களில் இரண்டு பேர், ஒரு நிரந்தர ஓடர் வராவிட்டால் தாங்களும் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆள் இல்லாத குழுவுக்குப் பொதுநோக்கு மண்டபத்தின் பின் அறையைத் தரமாட்டார்கள். அறை இல்லாவிட்டால் அடுப்பு இல்லை. அடுப்பு இல்லாவிட்டால் தவமலர் மச்சாள் யார்? வெறுமனே முழங்கால் நோகிற ஒரு மனுசி. அவாவே சொன்ன சொல் இது.

ஆகவே வியாபாரியையும் கூட்டிக்கொண்டு அந்தப் பெண் அதிகாரியிடம் போனோம். அவா லேபலைப் பார்த்தா. 'அசல் வன்னிக் கச்சான் அல்வா' — என் கையெழுத்து.

"கச்சான் எங்கே விளைந்தது?" என்று கேட்டா.

சும்மா கேட்கவில்லை. வரிச்சலுகை வேண்டுமென்றால், பொருள் எந்த நாட்டிலே விளைந்தது என்று சான்றிதழ் வேண்டும். இங்கே விளைந்த கச்சான் என்றால் ஒரு கதையும் இல்லை. வெளியாலே வந்த கச்சான் என்றால் கணக்குக் காட்டவேண்டும், நிரூபிக்கவேண்டும்... இழுபடும்.

மச்சாள் பொய் சொல்லத் தெரியாதவா. வவுனியா மொத்தக் கடையிலே வாங்குகிற இந்தியக் கச்சான்தான் என்று சொல்லிவிட்டா. இந்த முறை ஒட்டுசுட்டான் பக்கத்துக் கச்சானை யானை இறங்கிப் பிடுங்கிவிட்டது என்பதையும் சொன்னா. அது உண்மை. ஆனால் போன முறையும் இந்தியக் கச்சான்தான் என்பதைச் சொல்லவில்லை. கேட்கவில்லை, சொல்லவில்லை.

வியாபாரி சிரித்துவிட்டார். அவர்கள் ஊர் வேர்க்கடலை கடல் தாண்டி வந்து, ஒட்டுசுட்டானில் அல்வாவாகி, திரும்பவும் அவர்கள் ஊருக்கே போவதா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். மச்சாளைத் தவிர.

"ஏன், பக்கத்து ஊர்களில் ஒருவரும் கச்சான் பயிர் செய்வதில்லையா?" என்றா அதிகாரி.

மச்சாள் அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்தா.

செய்கிறார்கள். உடையார்கட்டில் செய்கிறார்கள். மூட்டை மூட்டையாகச் செய்கிறார்கள். ஆனால் அவர்களிடம் வாங்க முடியாது. ஏனென்றால் எங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் ஒரு தட்டு இருக்கிறது.

அந்தக் கதையைக் கேளுங்கள்.

வைகாசியில் அம்மன் கோயில் பொங்கலுக்கு எங்கள் குழுவும் உடையார்கட்டுப் பெண்கள் குழுவும் பக்கத்துப் பக்கத்திலே கடை போடுவோம். அந்தக் குழுவின் தலைவி பரமேஸ் அக்கா. இரண்டு தலைவிகளும் இருந்து கதைத்து ஒரு உடன்பாடு செய்தார்கள். கோதோடு, ஓடு உரிக்காமல், வறுத்த கச்சான் உடையார்கட்டுக் கடையில் மட்டும். அல்வா எங்கள் கடையில் மட்டும். அவர்கள் கச்சானைத்தான் நாங்கள் அல்வாவுக்கு வாங்குவோம். யாரும் எழுதி வைக்கவில்லை. வெற்றிலை மாற்றவும் இல்லை. நல்லாகத்தான் போனது.

ஒரு வருடம் பொங்கலன்று பார்த்தால், உடையார்கட்டுக் கடையின் மூலையில் ஒரு தட்டு அல்வா இருக்கிறது.

ஒரு தட்டு. அவ்வளவுதான்.

மச்சாள் போய்க் கேட்டா. பரமேஸ் அக்கா என்னவோ சொல்ல வாய் எடுத்தா. மச்சாள் கேட்கவில்லை. இனிமேல் உங்கட கச்சானிலே ஒரு பருப்பும் என்ரை சட்டிக்குள்ளே விழாது என்று சொன்னா — கோயில் சனம் எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க. அதற்கு அடுத்த நாளே வவுனியாவுக்குப் பஸ் ஏறினா. உடையார்கட்டுக் கச்சானோ தம்புள்ளைச் சந்தை லொறியில் ஏறத் தொடங்கியது.

இப்போது விளங்குகிறதா, செயலமர்வில் நான் ஏன் மச்சாளின் முகத்தைப் பார்த்தேன் என்று?

வியாபாரி சனிக்கிழமைக் கப்பலில் திரும்புகிறார். அதற்குள் ஊர்க் கச்சான் என்று சொல்லிவிட்டால் உடனே தொடங்கலாம். இல்லாவிட்டால், "அடுத்த சீசன் பாத்துக்கலாம்மா" என்றார். நல்ல மனுசன். ஆனால் அடுத்த சீசனுக்கு எங்களிடம் யார் இருக்கப்போகிறார்கள்? அறையா, அடுப்பா?

மாங்குளத்தில் பஸ் மாறக் காத்திருந்தபோது மச்சாள் சொன்னா: "நீர் போம்."

"எங்கை?"

"உடையார்கட்டுக்கு. நீர் ஒருத்தரோடையும் கோவிச்சதில்லை."

"கோவிக்கிறதுக்கும் வாய் திறக்கவேணுமே மச்சாள்..."

அவா சிரிக்கவில்லை. ஒரு நிபந்தனையும் போட்டா. நான் கேட்டு வந்ததாகத்தான் இருக்கவேண்டும். தவமலர் கேட்டனுப்பினதாக இருக்கக்கூடாது. இதற்கு நாடுகளிடையே ஏதாவது பெயர் வைத்திருப்பார்கள். எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் இதற்குப் பெயர் வீம்பு.

அடுத்த நாள் புதுக்குடியிருப்புக்குப் போய், அங்கிருந்து பரந்தன் பஸ்ஸில் உடையார்கட்டுக்குப் போனேன். வழி முழுக்க மனதுக்குள் பேசிப் பார்த்தேன். 'அக்கா, ஒரு உதவி...' சரியில்லை. 'அக்கா, பழசை மறந்து...' சினிமாப் போலிருக்கிறது. 'அக்கா, கச்சான் இருக்கோ?' — இதுதான் சரி. சின்ன வசனம். இதைக்கூடவா சொல்ல முடியாது?

முடியவில்லை.

பரமேஸ் அக்கா வீட்டு முற்றத்தில் கச்சான் காய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் இருந்து தெரிந்து பிரித்துக்கொண்டிருந்தார்கள். கோது உடையாத முழுக்கச்சான் ஒரு பக்கம். உடைந்தது எல்லாம் இன்னொரு பக்கம், உரப்பைகளில். என்னைக் கண்டதும் அவா கதிரை போட்டா, தேத்தண்ணி தந்தா. என் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டா. மழையைப் பற்றிக் கதைத்தோம். பன்றி வந்து கிண்டுவதைப் பற்றிக் கதைத்தோம். என்னென்னவோ கதைத்தோம். அந்த ஒரு வசனம் மட்டும் வரவில்லை. கடைசியில், போன ஆள் சும்மா வரக்கூடாது என்று, வறுத்த கச்சான் ஒரு பை வாங்கிக்கொண்டு எழும்பினேன்.

பஸ் நிலையத்தில் வந்து நின்று யோசித்தேன். எத்தனை பெரிய மண்டபம், எத்தனை கொடி, எத்தனை பேச்சு. எல்லாவற்றின் முடிவிலும் யாராவது ஒரு ஆள் பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு வசனம் கேட்கவேண்டியிருக்கிறது. அதற்கு நானா கிடைத்தேன்? தூரத்து வியாபாரியிடம் போய் எதையும் கேட்கலாம். அவன் இல்லை என்றால் அவனை இனிமேல் பார்க்கவேண்டியதில்லை. பக்கத்து ஆள் இல்லை என்று சொன்னால், பிறகு ஒவ்வொரு திருவிழாவிலும் அந்த 'இல்லை'யைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். அதனால்தானோ என்னவோ, நாடுகளும் தூரத்திலேயே வாங்குகின்றன.

அப்போது ஒரு சைக்கிள் வந்து நின்றது. பரமேஸ் அக்கா. கையில் என் குடை.

"குடையை விட்டிட்டு வந்திட்டாய் பிள்ளை" என்றா. "வந்த விசயத்தையும் அங்கையே விட்டிட்டு வந்திட்டாய்."

பிறகு எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. ஒரே மூச்சில் கொட்டினேன் — நாகப்பட்டினம், முகாம் சனம், சான்றிதழ், சனிக்கிழமைக் கப்பல், ஆடைத் தொழிற்சாலை பஸ், மண்டபத்துப் பின் அறை. மச்சாள் போட்ட நிபந்தனையையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். நல்ல தூதுவர்!

அவா சைக்கிளை மரத்தில் சாத்தினா.

"கச்சான் தாறதுக்கென்ன... தருவன். ஆனா அந்த ஒரு தட்டு ஏன் வந்ததெண்டு அவள் இண்டுவரைக்கும் கேட்டவளே?"

நான் தலையாட்டினேன். கேட்கவில்லை என்பது எனக்கும் தெரியும்.

அந்த வருடம் மண்ணைக் கிண்டிக் கச்சான் எடுக்கிற நேரம் பார்த்து மழை கொட்டியதாம். காயவைத்துக் கட்டியபோது பாதிக்குப் பாதி கோது உடைந்துவிட்டது. கோது உடைந்ததை வறுத்துக் கடையில் வைக்க முடியாது, ஒருவரும் வாங்கமாட்டார்கள்.

"நாள் முழுக்க வெயிலுக்கை குனிஞ்சு கிண்டின பெட்டையள் பாத்துக்கொண்டு நிக்க, அதைக் குப்பையிலை கொட்டுறதே? கொஞ்சத்தைப் பாகிலை போட்டுப் பாத்தம். ஒரு தட்டு வந்தது. அவ்வளவுதான் பிள்ளை. இப்பவும் உடைசல் வாறதுதான். உரப்பையளிலை கட்டி மாட்டுக்குப் போடுறம்."

நான் போனை எடுத்தேன். மச்சாளுக்கு அடித்து, கேட்டதைக் கேட்டபடி சொன்னேன்.

 

"மாட்டுக்கோ?" என்றா மச்சாள்.

"ஓம்."

"உடைசலை... மாட்டுக்கோ போடுறா?"

"ஓம் மச்சாள்."

"நாங்கள் இஞ்சை முழுப்பருப்பை வாங்கி, உரலிலை குத்தி உடைக்கிறமெண்டு அவவுக்குச் சொல்லும்."

சொல்லத் தேவையிருக்கவில்லை. மச்சாளின் குரல் போனுக்கு வெளியே நல்லாகவே கேட்கும். பரமேஸ் அக்கா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டா.

கட்டிப்பிடித்து அழுதிருப்பார்கள் என்று நினைத்தால் உங்களுக்கு எங்கள் ஊர்ச் சனத்தைத் தெரியாது. முதலில் சண்டை பிடித்தார்கள். அந்தப் பொங்கலன்று பிடிக்கவேண்டிய சண்டை முழுவதையும் இப்போது பிடித்தார்கள். யார் முதலில் முகத்தைத் திருப்பியது, யார் யாரிடம் என்ன சொல்லித் திரிந்தது... எல்லாம் வந்தது. ஒரு பஸ் வந்தது, போகவிட்டேன். பிறகு முழங்கால் நோவு பற்றிக் கதை வந்தது — இரண்டு பேருக்கும் இருக்கிறதாம். இன்னொரு பஸ் வந்தது, அதையும் போகவிட்டேன். கடைசியில் உடைசல் மூட்டைக்கு வந்தார்கள்.

உடைசல் எல்லாம் எங்களுக்கு என்று முடிவாயிற்று. அதோடு நின்றார்களா? மச்சாள் எள்ளுருண்டையில் அவர்கள் கை வைக்கக்கூடாது என்றா. பரமேஸ் அக்கா, அப்படியென்றால் அவித்த கச்சானில் நீங்கள் கை வைக்கக்கூடாது என்றா. மச்சாள் இன்னொன்றைச் சேர்த்தா. இவாவும் ஒன்றைச் சேர்த்தா. எனக்கு அந்தப் பெண் அதிகாரியின் முகம் ஞாபகம் வந்தது. உடன்பாடு வந்து ஐந்து நிமிடம் ஆகவில்லை, அதற்குள் சலுகை இல்லாத சாமான்கள் தயார்.

ஆனாலும் ஒன்று சொல்லவேண்டும். பெரிய நாடுகள் வருடக்கணக்காகக் கூடாமல் இருக்கின்றன. அவற்றுக்குள்ளே இருப்பது என்ன கோபம் என்று எனக்குத் தெரியாது, பெரிய கோபமாகத்தான் இருக்கும். ஆனால் எனக்கொரு சந்தேகம். 'அன்றைக்கு நீ ஏன் அப்படிச் செய்தாய்' என்று ஒருவர் கேட்டு, மற்றவர் பதில் முடியும்வரை பேசாமல் இருந்ததுண்டா? ஒருவர் வீட்டு மூலையில் மாட்டுக்குக் கிடப்பதுதான் மற்றவர் வாங்கி வாங்கி உடைத்துக்கொண்டிருப்பது என்று எந்தச் செயலமர்வு கண்டுபிடிக்கும்? பஸ் நிலையத்தில் நின்றால்தான் தெரிகிறது.

வெள்ளிக்கிழமை அதிகாரிக்குப் போன் எடுத்துச் சொன்னேன். நானேதான் எடுத்தேன். உடையார்கட்டில் விளைந்த கச்சான் என்றால் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம் என்றா. வியாபாரி சனிக்கிழமை காலை துறைமுகத்தில் நின்றபடி மச்சாளோடு கதைத்தார். முதல் பெட்டிகளை எடுக்கிறேன் என்று உறுதி சொன்னார். தொழிற்சாலை பஸ்ஸில் ஏறவிருந்த இரண்டு பேரும் இப்போதைக்கு ஏறவில்லை. இப்போதைக்கு.

பிறகேன் இருப்புக்கொள்ளவில்லை என்கிறீர்களா? சான்றிதழ் இன்னும் கைக்கு வரவில்லை. கடல் குழம்பினால் கப்பல் ஓடாது. இந்த இரண்டு பெண்களில் ஒருவர் குழம்பினால் கச்சான் ஓடாது. எதற்குக் கூடப் பயப்படுவது என்று தெரியாமல்தான் வீட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன்.

நேற்று முதல் மூட்டை பஸ்ஸில் வந்தது. கொண்டக்டர் இறக்கிவைத்துவிட்டு, மூட்டை வாயில் ஒரு பொட்டலம் இருக்கிறது, அதைத் தவமலரிடம் கொடுக்கச் சொன்னார்கள் என்றார். பொட்டலத்துக்குள் அல்வா. பரமேஸ் அக்கா செய்தது. பிழை இருந்தால் சொல்லட்டுமாம்.

அடுப்படியில் நின்ற எல்லோரும் வேலையை விட்டுவிட்டு மச்சாளின் வாயையே பார்த்தோம். அவா ஒரு துண்டை எடுத்து, முன்பல்லால் கடித்து, கண்ணை மூடி மென்றா.

"பாகு கொஞ்சம் முத்திப்போச்சு" என்றா.

பிறகு இன்னொரு துண்டை எடுத்தா.